பெரகலச் சந்தியில் விளைந்த பளிங்கு

பனி இன்னும் விலகவில்லை. பெரகலச் சந்தியில் ஒரு கடையின் பின்வளவில் நின்று, மலைப்பப்பாசிக் காய் ஒன்றைச் சவர பிளேடின் நுனியால் கீறிக்கொண்டிருந்தேன். கீறிய கோட்டில் பால் துளிர்த்து, திரண்டு, நான் அடியில் ஏந்திய சிறிய போத்தலுக்குள் சொட்டியது. விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றியிருந்தேன். இருந்தும் எரிந்தது.

“யாரது? என் மரத்துல என்னா செய்றீங்க?”

திரும்பினேன். சாரமும் கம்பளி மப்ளரும் கையில் ஒரு வாளித் தண்ணீருமாகக் கடை முதலாளி நின்றார். சந்தியில் எல்லோரும் ஹனீபா நானா என்று அழைப்பவர். அதுவரை நான் அவரோடு பேசியதில்லை.

“பால் எடுக்கிறேன் நானா. மேல தோட்டத்து டிஸ்பென்சரியில இருக்கிற பிலோமினா மிட்வைஃபோட தங்கச்சி நான். நேத்து உங்க வீட்டுல கேட்டோமே.”

“ஓ, சீமையில படிக்கிற மகளா? வீட்டுல சொன்னாங்க. நான்தான் விளையாட்டுப் பேச்சுன்னு இருந்திட்டேன்.” வாளியைக் கீழே வைத்தார். “அங்க பப்பாசி இல்லையா?”

“இல்ல நானா.”

“அவ்வளவு பெரிய சீமையில ஒரு பப்பாசி மரம் இல்ல!” என்று சிரித்தார். “எடுங்க, எடுங்க. காயைப் புடுங்காம எடுத்தீங்கன்னா போதும்.”

இத்தொடரின் போன வாரப் பகுதியை, நான் இங்கிலாந்தின் ஆய்வுகூடம் ஒன்றில் இருந்ததோடு நிறுத்தியிருந்தேன். கலாநிதிப் பட்டம் முடித்து, அதற்கு மேலான ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த காலம். அங்கிருந்து எப்படி ஊவா மலையின் பப்பாசி மரத்தடிக்கு வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வெட்டுவதும் ஒரு வேலைதான்

இத்தொடரை வாசிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்: “புரதம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்தால் பெருமை. அது எப்படி அழிகிறது என்று ஆராய்வதில் என்ன இருக்கிறது?”

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் பல விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் நம் உடலிலுள்ள ஒவ்வொரு கலமும் ஓயாமல் புரதங்களைச் செய்துகொண்டே, பழசானதையும் பழுதானதையும் வெட்டித் துண்டாக்கி, அந்தத் துண்டுகளை வைத்தே புதியதைக் கட்டுகிறது. வெட்டு நின்றால் கலத்துக்குள் குப்பை சேரும். மிஞ்சினால் கலமே கரையும். அப்படி வெட்டும் கருவிகளுக்கு நொதியம் என்று பெயர்.

இதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஹனீபா நானாவின் கடையில் சாப்பாடும் உண்டு. கிழட்டு மாட்டிறைச்சி என்றால் அவர் வீட்டில் ஒரு துண்டு பச்சைப் பப்பாசியை அரைத்துப் பிசறி வைப்பார்கள். இறைச்சி பஞ்சாகிவிடும். பப்பாசிப் பாலிலுள்ள நொதியம் இறைச்சியின் புரதத்தை வெட்டிவிடுகிறது. நம் கலங்களுக்குள் அதே வேலையைச் செய்யும் சில நொதியங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றின் உருவத்தைக் கண்டுவிட்டால் மற்றவை எப்படிக் கடிக்கின்றன என்று ஊகிக்கலாம்.

என் அக்காவுக்கு இதை வேறு விதமாகச் சொல்ல நேர்ந்தது. அரிசியும் மாவும் கிடைக்காத வருஷங்கள் அவை. ஊரெங்கும் பாண் ரொட்டிக்கு வரிசை. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லய வீடுகளில் பசி. ஒரு நாள் அக்கா ஒரு பிள்ளையின் கையைத் தூக்கிக் காட்டினாள். தோலும் எலும்புமாக இருந்தது.

“இந்தப் புள்ளயோட சதை எங்க போச்சுடி? ஒன் படிப்பு என்னா சொல்லுது?”

“அவனோட ஒடம்பே வெட்டி எடுத்துக்கிச்சுக்கா. சாப்பாடு வராட்டி, கலம் தன்னோட புரதத்தையே தின்னுதான் உசுரக் காப்பாத்தும்.”

அவள் டிஸ்பென்சரியில் இருந்த பால்மாவைக் கரைத்து அவன் வாயில் புகட்டினாள். நான் செய்யும் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று அதன் பிறகு அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

தன்னைத் தானே கடிக்கும் நொதியம்

ஒரு புரதத்தின் உருவத்தைக் காண அதைப் பளிங்காக்க வேண்டும். சீனிப்பாகில் கற்கண்டு விளைவது போல, கோடானுகோடி மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு ஒரு கல்லாக விளைய வேண்டும். அந்தக் கல்லுக்குள் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால் படச்சுருளில் புள்ளிகள் விழும். புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு உருவத்தை எடுக்கலாம்.

சாதாரணப் பப்பாசியின் நொதியத்தை மற்றவர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது மலைப்பப்பாசி. குளிர்ப் பிரதேசத்தில் வளரும் வேறு இனம், சிறிய காய், அதன் பால் பலமடங்கு வீரியமானது. ஆனால் காயவைத்த பால்தான் எங்கோ தூர தேசத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கு வந்து சேரும். அதற்குள் நொதியம் தன்னைத் தானே வெட்டிப் பாதி துண்டாகிவிட்டிருக்கும். உடைந்த செங்கற்களை வைத்து ஒழுங்கான சுவர் எழுமா? எத்தனையோ மாதங்கள் முயன்றும் குழம்புதான் மிஞ்சியது.

“புதுப் பால் கிடைத்தால் பார்க்கலாம்,” என்றார் பேராசிரியர். “இல்லையென்றால் இதை விட்டுவிட்டு வேறு வேலையைத் தொடங்கு.”

அப்புத்தளைப் பக்கத்து வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பங்களாத் தோட்டங்களில் நட, பிறகு கடைவளவுகளிலும் முளைத்துக் கிடந்த அந்தச் சிறு காய்கள் எனக்கு உடனே மனக்கண்ணில் தெரிந்தன.

ஊருக்கு வர வேறு காரணமும் இருந்தது. ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், மாதா கோயில் உபதேசியாரின் மகளாகப் பிறந்தவள் நான். இலங்கையில் பிறந்தும், எங்கள் குடும்பம் இலங்கைக்கா இந்தியாவுக்கா சொந்தம் என்று அப்போது வரை யாரும் முடிவு சொல்லவில்லை. ஒரு தற்காலிகப் பயணப் பத்திரத்தில்தான் இங்கிலாந்துக்குப் போயிருந்தேன். அதன் காலம் முடிந்ததால், புதியதை வாங்க ஊருக்கு வர வேண்டியதாயிற்று. அது கிடைக்கத் தாமதமானால் ஆராய்ச்சிக்கான உதவித்தொகையும் முடிந்துவிடும், என் மேசையும் இன்னொருவருக்குப் போய்விடும்.

எனவே காத்திருக்கும் காலத்தில் வேலையை இங்கேயே தொடங்கினேன். பெட்டியில் சில கண்ணாடிக் குழாய்களும் வடிதாளும் கொண்டு வந்திருந்தேன். மிச்சத்தை ஊரில்தான் தேட வேண்டும்.

பூட்டிய அலுமாரி

நான் தங்கியிருந்தது தோட்டத்து டிஸ்பென்சரியை ஒட்டிய அக்காவின் குவாட்டஸ் வீட்டில். அவள் புருஷன் சூசை அத்தான்தான் அங்கே டிஸ்பென்சர். மருந்து கட்டுவது, ஊசி போடுவது, காயம் தைப்பது எல்லாம் அவர். அதிர்ந்து பேசாத மனிதர்.

முதல் முறை எடுத்த பப்பாசிப் பால் விடிகாலையில் ஒரு கோப்பைக் கரைத்த பால்மாவை நொடியில் திரைய வைத்தது. வெட்டும் வேகத்தை அளக்க என்னிடமிருந்த ஒரே வழி அதுதான். மறுநாள் அதே பால் மிகவும் தளர்ந்து போயிருந்தது. மரத்திலிருந்து இறங்கிய கணத்திலேயே நொதியம் தன்னைத் தின்னத் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் அதன் வாயைக் காயின் அடியிலேயே கட்ட வேண்டும். அதற்குப் பாதரச உப்பு வேண்டும். புண் கழுவ வைத்திருந்த அந்த உப்பு அத்தானின் அலுமாரியில் இருந்தது.

“அது நஞ்சு,” என்றார் அத்தான். “பூட்டி வச்சிருக்கிற சாமான். ஒனக்கு எதுக்கு?”

“போத்தல்ல கொஞ்சம் கரைச்சு வச்சா அத்தான், பால் விழுந்த ஒடனே நொதியத்தோட வாயில போய் ஒட்டிக்கிரும். அப்பறம் தன்னைத் தானே கடிக்காது.”

“செத்துப் போயிராதா?”

“சாகாது. வாய் மட்டும் கட்டியிருக்கும். பின்னால அவுத்து விடலாம்.”

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். “நம்ம தோட்டத்துத் தொரை வாயிலயும் அதுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்களேன், கடிக்காம இருப்பாரு!”

அத்தான் சிரிக்கவில்லை. அலுமாரிச் சாவியை எடுத்தபடி, “நானே கரைச்சுத் தாறேன். நானே கொண்டு வாறேன். நீ போத்தல வேற எங்கயும் வைக்கக் கூடாது,” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும், தொப்பியும் கோட்டும் அணிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைப் போல என்னோடு பப்பாசி மரத்தடிக்கு வந்து நின்றார்.

பாதரசத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. பாரமான அணு என்பதால் எக்ஸ்ரே படத்தில் அது தனித்துத் தெரியும். இருட்டு அறையில் ஒரு விளக்கு வைத்தது போலக் கணக்கைத் தொடங்க ஓர் இடம் கிடைத்துவிடும்.

ரேகை இல்லாத பெண்

இதற்கிடையில் பயணப் பத்திரம் கொடுக்கும் பதுளை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ரயிலேறிப் போனேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியில் பெருவிரலை மையில் ஒற்றிக் கடதாசியில் பதிக்கச் சொன்னார் எழுத்தர்.

கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. கோடு ஒன்றுகூட இல்லை.

மற்ற விரலைப் பார்த்தார். அதுவும் அப்படியே. வாரக்கணக்காகப் பப்பாசிப் பாலில் துழாவிய என் விரல்களின் தோலை அந்த நொதியம் மழித்துவிட்டிருந்தது. துணிக்கிழிசல் எதையும் தடுக்கவில்லை.

எழுத்தர் நல்ல மனிதர். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நோனா, உங்களுக்கு நாடுதான் இல்லை என்று நினைத்தேன், ரேகையும் இல்லையே,” என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தைச் சொன்னேன். தோல் வளர்ந்த பிறகு வரச் சொன்னார். அதுவரை அந்தப் பாலைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னார்.

ஹாலிஎல நிலையத்தில் ரயில் நின்றபோது, நான் பிறந்த தோட்டத்தின் பச்சைச் சரிவு ஜன்னலில் தெரிந்தது. பாலைத் தொட்டால் பயணம் இல்லை. தொடாவிட்டால் பளிங்கு இல்லை. பளிங்கு இல்லாமல் எதற்குப் பயணம்?

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“நீ இனிமே கையக் கட்டிக்கிட்டு நில்லு. நான் கீறுறேன்.”

“ஒன் விரலும் போயிரும்க்கா.”

“எனக்கு எந்த ஊர்ல ரேகை கேக்குறாங்க? பிரசவம் பாக்குற ரப்பர் கையுறை ஒண்ணு ஓட்டையாகிக் கெடக்கு. ஒட்டுப் போட்டு மாட்டிக்கிறேன்.”

மறுநாள் காலை மரத்தடிக்குப் போனால், அங்கே ஹனீபா நானா எங்களுக்கு முன்பே ஏணியோடு நின்றார். “கீழ்க்காய் எல்லாம் கீறியாச்சு மகள். மேல ஈக்குற காய்க்கு ஏணி வேணுமே,” என்றார். அன்று முதல் அக்கா கீறினாள், நானா ஏணியைப் பிடித்தார், அத்தான் போத்தலை ஏந்தினார். நான் கையைக் கட்டிக்கொண்டு, “இன்னும் மெதுவா, இன்னும் மேலோட்டமா” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

உரக் காம்பராவும் சோடாப் பெட்டியும்

பாலிலிருந்து நொதியத்தைப் பிரிக்க அமோனியம் சல்பேட் வேண்டும். ஆய்வுகூடத்தில் அது வெள்ளை வெளேரென்று போத்தலில் வரும். தோட்டத்திலோ உரம் சேர்த்து வைக்கும் காம்பரா அறையில் சாக்குச் சாக்காகக் கிடந்தது. தேயிலைக்குப் போடும் அதே உப்பு. கொஞ்சம் கேட்டு வாங்கி, அக்காவின் பெரிய சட்டியில் காய்ச்சி, வடித்து, மறுபடி உறைய விட்டு, மறுபடி காய்ச்சினேன். சாம்பல் நிறம் போய் வெண்மை வந்தது. சட்டியை இனிச் சமையலுக்குத் தொடமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

இரத்தம் பரிசோதிக்க டிஸ்பென்சரியில் கையால் சுற்றும் ஒரு சுழற்றி இருந்தது. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தி, அத்தானும் நானும் மாறி மாறிச் சுற்றினோம். குழாயின் அடியில் நொதியம் வெண்மையாகத் தங்கியது. அதைத் தெளிந்த உப்புநீரில் கரைத்துச் சின்னஞ்சிறு போத்தல்களில் ஊற்றி, மருந்து காம்பராவின் குளிர்ந்த கல்சுவர் ஓரம் வைத்தேன்.

காற்றுக் காலம் அது. அப்புத்தளைக் கணவாய் வழியாக வரும் காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்கும். மேசை நடுங்கும், ஜன்னல் நடுங்கும், போத்தலும் நடுங்கும். பளிங்கு விளைய அமைதி வேண்டும். பார்க்கும்போதெல்லாம் அடியில் தூசி போன்ற ஒரு கலங்கல்தான்.

“பிரிட்ஜ் இருந்தா நல்லது,” என்றேன் நானாவிடம். “ஆனா மோட்டார் ஓடுற பிரிட்ஜும் நடுங்கும். அங்க லேப்லயே அதுதான் தலைவலி.”

“என்னோடதுல மோட்டாரே இல்லையே மகள்.”

கடைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். ஊரைவிட்டுப் போன ஒரு துரை விற்றுவிட்டுப்போன மண்ணெண்ணெய் பிரிட்ஜ். அடியில் சிறிய நீலச் சுடர். சுடரின் சூட்டிலேயே குளிரும் வகை. காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. உள்ளே சோடாப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. வெல்லவாய வெயிலிலிருந்து மலையேறி வரும் லொறிக்காரர்கள் அந்தக் கூல் சோடாவுக்காகவே சந்தியில் நிறுத்துவார்கள்.

“மேல் தட்டு மட்டும் தந்தா போதும் நானா. ஆனா கதவ அடிக்கடி தொறக்கக் கூடாது.”

அவர் யோசிக்கவேயில்லை. சோடாப் போத்தல்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தார். “எவ்வளவு நாள்?”

“தெரியாது.”

“சரி.”

அந்த மாதங்களில் பெரகலச் சந்தியில் கூல் சோடா கிடைக்கவில்லை. கேட்ட லொறிக்காரர்களுக்கு, “பெட்டிக்குள்ள சீமை மருந்து முட்டை போட்டிருக்கு, தொறந்தா கூழாயிரும்,” என்று சொல்லி அனுப்பினாராம்.

பார்த்தோம்

காத்திருப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. திறந்து பார்க்க ஆசை வரும்போதெல்லாம் அக்கா என்னைப் பயறு பொறுக்க உட்கார வைத்தாள்.

ஒரு மத்தியானம் காற்று ஓய்ந்து நல்ல வெயில் அடித்தது. நால்வருமாகக் கதவைத் திறந்தோம். முதல் போத்தலில் கலங்கல். இரண்டாவதில் ஊசி ஊசியாக ஏதோ. அதுவும் உதவாது. மூன்றாவதை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

கண்ணாடியின் அடியில், உப்புக் கல்லை விடச் சிறிதாக, ஒரு துண்டு வெளிச்சம் உட்கார்ந்திருந்தது. போத்தலைச் சற்றே சாய்த்தேன். ஒரு முகம் மின்னி அணைந்தது, அடுத்த முகம் மின்னியது. விளிம்புகள் வெட்டி வைத்தது போல நேராக இருந்தன. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னும்.

வெறும் உப்பாக இருக்குமோ என்று பயந்தேன். அத்தானின் பழைய நுண்நோக்கியில் வைத்து, ஒன்றை ஊசி முனையால் மெல்லத் தொட்டேன். உப்பென்றால் நொறுக்கென்று உடையும். இது வெண்ணெய் போல வழிவிட்டது. புரதம்.

“அக்கா,” என்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“இம்புட்டுத்தானாடி?” என்றாள். பிறகு கண்ணை எடுக்காமலே, “அய்யோ, என்னா அழகு!” என்றாள்.

நானா பார்த்தார். அத்தான் பார்த்தார். அதுவரை ஒரு சிரிப்பும் காட்டாத அத்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நானா கடையிலிருந்த எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் குடித்தார்கள்.

பதுளை வழியாக

விரல்களில் ரேகை திரும்பியிருந்தது. பதுளை எழுத்தர் கடதாசியில் விழுந்த கோடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் பாஸானது போல முகம் மலர்ந்தார். பத்திரம் வந்தது. அப்புத்தளையில் ரயிலேறிக் கொழும்பு வரை, பளிங்குப் போத்தல்களைப் பஞ்சில் பொதிந்து பிளாஸ்க்கில் வைத்து மடியிலேயே ஏந்திக்கொண்டு போனேன்.

இங்கிலாந்தில் முதல் படம் எடுத்த அன்று, இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில் படச்சுருளை அதைக் கழுவும் திரவத்திலிருந்து தூக்கினேன். புள்ளிகள். நடுவிலிருந்து ஓரம் வரை, கோலப் புள்ளி போல வரிசை வரிசையாக. பேராசிரியர் என் கையிலிருந்து படத்தை வாங்கி, ஈரம் சொட்டச் சொட்ட வாசலுக்குப் போய், கூடத்திலிருந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வேறு வேலை தொடங்கு என்று சொன்ன மனிதர் அன்று சின்னப் பையனைப் போலக் குதித்தார்.

கணக்குகள் முடியக் காலம் பிடித்தது. ஆனால் முடிந்தன. இரண்டு பாதிகளாக மடிந்த உருவம், நடுவே ஒரு பிளவு, பிளவுக்குள் அத்தானின் பாதரசம். அதுதான் வெட்டும் வாய். கலத்துக்குள் வேலை செய்யும் அதன் உறவுகள் எப்படிக் கடிக்கின்றன, எதை வைத்து அவற்றை அடக்கலாம் என்று அதைப் பார்த்தே பிறகு பலர் ஆராய்ந்தார்கள்.

கட்டுரை எழுதும்போது, பளிங்கு எங்கே விளைந்தது என்ற இடத்தில் பெரகல, ஊவா மாகாணம், இலங்கை என்று எழுதினேன். “அது ஒரு நிறுவனமா?” என்று கேட்டார் பேராசிரியர். “ஒரு சந்தி,” என்றேன். அவர் அதை அடிக்கவில்லை. நன்றி சொல்லும் இடத்தில் மூன்று பெயர்களைப் போட்டேன். மூன்றும் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லாமல் அச்சில் வந்தன.

பிரதியை அக்காவுக்கு அனுப்பினேன். நடந்ததை அவள் கடிதத்தில் எழுதியிருந்தாள். அத்தான் கட்டுரையைக் கடைக்கு எடுத்துப்போய், நானாவின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாராம். நானா கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் அந்த எழுத்தைப் பார்த்தாராம். பிறகு பிரிட்ஜைத் திறந்து மேல் தட்டைக் காட்டினாராம். நான் போன நாளிலிருந்து அந்தத் தட்டு காலியாகவே இருந்திருக்கிறது.

“மிட்வைஃபைத் தங்கச்சிக்கிட்ட கேட்டு எழுதச் சொல்லுங்க. இதுல இனி சோடா வைக்கவா, இல்ல மகள் அடுத்த காய்க்கு வாறாங்களா?”

அன்றே தபாலகத்துக்குப் போய்த் தந்தி அடித்தேன். சோடா வைக்க வேண்டாம், வருகிறேன்.